மடிப்புக்கு ஒரு மெஷ், கிழிசலுக்கு ஒரு மெஷ்: கிராஷ் மாடலில் எலிமென்ட் அளவைத் தேர்ந்தெடுப்பது

கார் மோதலைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கிராஷ் மாடல் ஒன்று. ஒரே ரெயில் (காரின் முன்பக்க நீளச் சட்டம்), ஒரே மெட்டீரியல் கார்டு (உலோகத்தின் குணங்களைச் சொல்லும் பதிவு), ஒரே வேகம். பாகத்தை எலிமென்ட் என்னும் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலைதான் மெஷ். 10 மி.மீ. மெஷ்ஷில் ஓட்டினால் ரெயில் கிழியவே இல்லை. 5 மி.மீ.யில் மூன்றாவது மடிப்பில் விரிசல் விழுகிறது. 2.5 மி.மீ.யில் முதல் மடிப்பிலேயே மூலை பிய்ந்துவிடுகிறது. மூன்றில் எது சரி என்று கேட்டால், "சின்ன மெஷ்தான் சரி" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கிராஷ் மாடலில் அந்தப் பதிலைப் பாதி இடங்களில்தான் நம்பலாம்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. எல்லா இடத்திலும் ஒரே அளவை வைத்து அந்த அளவுக்கே கார்டைக் கேலிப்ரேட் செய்வது, தேவையான இடத்தில் மட்டும் மெஷ்ஷை நுணுக்குவது, எலிமென்ட் அளவைப் பொறுத்து ஃபெயிலியர் ஸ்ட்ரெயினை (எவ்வளவு நீண்டால் எலிமென்ட் உடையும் என்ற எண்) மாற்றும் ரெகுலரைசேஷன், அக்கம்பக்க எலிமென்டுகளின் சராசரியைப் பார்க்கும் நான்லோக்கல் முறை. இங்கே எல்.எஸ்-டைனா என்ற கிராஷ் சாஃப்ட்வேரின் பழக்கத்தில் சொல்லியிருக்கிறோம். ரேடியாஸ், பாம்-கிராஷ், அபாகஸ் எக்ஸ்ப்ளிசிட் எதுவானாலும் கார்டின் பெயர்தான் மாறும், சிக்கல் அதேதான்.

## மடிவது வேறு, கிழிவது வேறு

சதுரக் குழாயை அச்சுவாக்கில் நசுக்கினால் ஒரு மடிப்பு எவ்வளவு நீளத்துக்கு விழும் என்பதை அதன் பக்க அகலமும் தகட்டின் தடிமனும் தீர்மானிக்கின்றன. விர்ஸ்பிக்கி, அப்ரமோவிச், ஜோன்ஸ் ஆகியோர் 1980-களில் உருவாக்கிய கணக்கு இன்றும் உதவும். அகலத்தை வர்க்கமாக்கித் தடிமனால் பெருக்கி, கனமூலம் எடுத்து, 0.983-ஆல் பெருக்கினால் பாதி மடிப்பின் நீளம் கிடைக்கும். 80 மி.மீ. பக்கமும் 1.5 மி.மீ. தடிமனும் உள்ள குழாய்க்கு அது சுமார் 21 மி.மீ.

அந்த 21 மி.மீ.க்குள் வளைவு வளைவாகத் தெரிய நான்கு எலிமென்டாவது வேண்டும். 5 மி.மீ. மெஷ் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. 10 மி.மீ. என்றால் இரண்டே எலிமென்ட். மடிப்பு வளையாமல் ஒடிகிறது, குழாய் இருப்பதைவிட விறைப்பாகிறது, சராசரி விசை கூடுகிறது. 2.5 மி.மீ.க்குப் போனால் படம் அழகாகும், உறிஞ்சிய எனர்ஜி பெரிதாக நகராது. மடிப்பு விஷயத்தில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க விடை ஓர் இடத்தில் நின்றுவிடும்.

அதே கணக்கில் சராசரி நசுக்கு விசையும் கிடைக்கும். அகலத்தைத் தடிமனால் வகுத்துக் கனமூலம் எடுத்து 52.22-ஆல் பெருக்க வேண்டும். வந்ததை, ஃப்ளோ ஸ்ட்ரெஸ் (உலோகம் நிரந்தரமாக வளையும்போது தாங்கும் சராசரி ஸ்ட்ரெஸ்) பெருக்கல் தடிமனின் வர்க்கம் வகுத்தல் நான்கு என்பதால் பெருக்க வேண்டும். நம் குழாய்க்கு ஃப்ளோ ஸ்ட்ரெஸ் 400 மெகாபாஸ்கல் என்றால் சுமார் 44 கிலோநியூட்டன். வேகமாக நசுக்கினால் உலோகம் கூடுதல் வலுவாகும் ஸ்ட்ரெயின் ரேட் விளைவு இதில் இல்லை. ரேட்டை அணைத்து ஓட்டிய மாடல் 60-ஐத் தொட்டால் மெட்டீரியலைக் குடையும் முன் மெஷ்ஷைப் பாருங்கள்.

கிழிசல் அப்படி நிற்காது. இழுபடும் தகடு உச்ச விசையைத் தாண்டியதும் ஓரிடத்தில் மட்டும் ஒடுங்கத் தொடங்கும். அதைத்தான் நெக்கிங் என்கிறோம். மேட் 24 (எல்.எஸ்-டைனாவின் வழக்கமான உலோக மாடல்) போன்ற சாதாரண பிளாஸ்டிசிட்டி மாடலுக்கு அந்த ஒடுக்கம் எவ்வளவு அகலம் என்று தெரியாது, ஏனென்றால் அதில் நீளம் என்ற அளவே கிடையாது. அதனால் ஸ்ட்ரெயின் முழுவதும் ஒரே ஒரு எலிமென்ட் வரிசையில் போய்க் குவியும். வரிசை குறுகக் குறுக ஸ்ட்ரெயின் ஏறிக்கொண்டே போகும்.

ஒரு சோதனைத் துண்டை எடுத்துக்கொள்வோம். கேஜ் நீளம் 80 மி.மீ. உச்ச விசை வரை சீரான நீட்சி 15%, உடையும்போது மொத்த நீட்சி 20%. உச்சத்துக்குப் பிறகு வந்த 5%, அதாவது 4 மி.மீ., முழுக்க நெக்குக்குள் நடந்தது. அந்த 4 மி.மீ.யும் ஒரே எலிமென்ட் வரிசைக்குள் போனதாக வைத்துக் கணக்குப் போட்டால் உடையும் கணத்தில் எலிமென்ட் காட்டும் உண்மை ஸ்ட்ரெயின் இப்படி வரும்:

| அளக்கும் நீளம் | உடையும்போது ஸ்ட்ரெயின் |
|---|---|
| 80 மி.மீ. (முழுத் துண்டு) | 0.18 |
| 20 மி.மீ. | 0.30 |
| 10 மி.மீ. | 0.44 |
| 5 மி.மீ. | 0.67 |

5 மி.மீ. வரிசையில் உள்ள எண் மேல் எல்லை. உண்மை நெக் கொஞ்சம் அகலமாகப் பரவும். போக்கு மட்டும் மாறாது. எஃகு ஒன்றே, உடையும் கணமும் ஒன்றே, எண்கள்தான் நான்கு. 10 மி.மீ.க்குப் பொருத்திய 0.44-ஐ 5 மி.மீ. மெஷ்ஷில் போட்டால் பாகம் சீக்கிரம் கிழியும். 5 மி.மீ.க்குப் பொருத்திய 0.67-ஐ 10 மி.மீ.யில் போட்டால் கிழியவே கிழியாது. முதல் பத்தியில் வந்த மூன்று விடைகளுக்கும் காரணம் இதுதான்.

நுணுக்கிக்கொண்டே போய் உண்மை நெக்கைப் பிடித்துவிடலாமே என்று தோன்றும். தகடு கடைசியில் கிழியும் அந்தக் குறுகிய ஒடுக்கத்தின் அகலம் ஏறக்குறைய தகட்டின் தடிமன் அளவுதான். ஷெல் எலிமென்ட், அதாவது தகட்டைத் தடிமன் எண்ணோடு ஒற்றைத் தளமாகக் காட்டும் எலிமென்ட், தடிமன் திசையில் ஸ்ட்ரெஸ் இல்லை என்ற அனுமானத்தில் நிற்கிறது. நெக்குக்குள் அந்த அனுமானமே உடைந்துபோகிறது. 1.5 மி.மீ. தகட்டை 0.5 மி.மீ. ஷெல்லில் போட்டால் கிடைப்பது துல்லியம் அல்ல, வேறொரு பிழை.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, மடிப்பு. மேலே சொன்ன பாதி மடிப்பு நீளத்தில் நான்கு எலிமென்ட் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் மீதி எதையும் பேச வேண்டியதில்லை.

இரண்டாவது, கிழிசல் எந்த வகை. இழுவையில் நெக் விழுந்து கிழிவது, வளைவில் வெளித்தோல் வெடிப்பது, ஷியரில் அறுபடுவது, ஸ்பாட் வெல்டைச் சுற்றி உரிவது. நான்குக்கும் மெஷ் உணர்திறன் (மெஷ் மாறினால் விடை மாறும் அளவு) ஒரே மாதிரி இல்லை.

மூன்றாவது, ஓடும் நேரம். ஷெல்லில் எலிமென்ட் நீளத்தைப் பாதியாக்கினால் எண்ணிக்கை நான்கு மடங்கு, டைம் ஸ்டெப் (கணக்கு ஒரு தடவை முன்னேறும் நேரம்) பாதி, ஆக வேலை எட்டு மடங்கு. தடிமனையும் கட்டங்களாகப் பிரிக்கும் சாலிட்டில் பதினாறு மடங்கு. எஃகு ஷெல்லுக்கு அலை வேகம் நொடிக்கு சுமார் 5,420 மீட்டர். 0.9 பாதுகாப்புக் காரணியுடன் 120 மில்லிவினாடி மோதலுக்கு:

| எட்ஜ் நீளம் | டைம் ஸ்டெப் | மொத்த ஸ்டெப் |
|---|---|---|
| 10 மி.மீ. | 1.66 மைக்ரோவினாடி | 72 ஆயிரம் |
| 5 மி.மீ. | 0.83 | 1.45 லட்சம் |
| 3 மி.மீ. | 0.50 | 2.4 லட்சம் |
| 1 மி.மீ. | 0.17 | 7.2 லட்சம் |

இதில் கணக்கு சராசரி அளவுக்கு அல்ல, மாடலில் உள்ள மிகச் சிறிய எலிமென்டுக்கு. 5 மி.மீ. சராசரி, 3 மி.மீ. குறைந்தபட்சம் என்று குவாலிட்டி ஷீட்டில் எழுதுவதும், மாஸ் ஸ்கேலிங்கில் (சிறு எலிமென்டின் நிறையைக் கூட்டி டைம் ஸ்டெப்பைப் பெரிதாக்குவது) 0.5 மைக்ரோவினாடி வைப்பதும் அடிக்கடி கைகோத்து வருவதற்குக் காரணம் மூன்றாவது வரிசையில் இருக்கிறது.

நான்காவது, சோதனைச் செலவு. எத்தனை கூப்பான் (சோதனைத் துண்டு), எத்தனை வடிவம், கேமரா வைத்து ஸ்ட்ரெயின் அளக்கும் டி.ஐ.சி. வசதி உண்டா?

ஐந்தாவது, கைமாறினால் தாங்குமா. நீங்கள் செய்த கார்டை வேறொரு டீம் வேறு மெஷ்ஷில் பயன்படுத்தப்போகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

## ஒப்பிடும் முன்: சிதறலை அளந்துகொள்ளுங்கள்

இரண்டு மெஷ்ஷுக்கு இடையே 6% வித்தியாசம் வந்தால் அது மெஷ்ஷால்தானா? நசுங்கும் குழாயில் முதல் மடிப்பு எந்தப் பக்கம் சாயும் என்பது மயிரிழையில் நடக்கும் தீர்மானம். மாடலைத் தொடாமல், 32 கோரில் ஒருமுறை, 48-ல் ஒருமுறை, 64-ல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கூட்டல் வரிசை மாறுவதால் கடைசி தசம இலக்கத்தில் வரும் வித்தியாசமே மடிப்பு முறையை மாற்றிவிடலாம். அல்லது பெர்டர்பேஷன் கார்டு வைத்து நோடுகளை (எலிமென்டின் மூலைப் புள்ளிகளை)த் தடிமனில் நூறில் ஒரு பங்கு அசைத்து ஐந்து ரன் எடுங்கள். அதில் வரும் சிதறல் 5% என்றால் மெஷ்ஷால் வந்த 6% பற்றி மீட்டிங் போட வேண்டாம். சிதறல் பெரிதாக இருந்தால் முதல் மடிப்பைத் தொடங்கிவைக்கும் டிரிக்கர் பள்ளம் சரியாக வேலை செய்யவில்லை என்றும் அர்த்தம். அது டிசைனின் குறை.

ஒப்பிடுவதற்கு உச்ச விசையை எடுக்காதீர்கள். அது கான்டாக்ட் (பாகங்கள் தொடும்போது மாடல் போடும் கணக்கு), அவுட்புட் இடைவெளி, ஃபில்டர் எல்லாவற்றுக்கும் ஆடும். ஒரே இடப்பெயர்ச்சி வரை உறிஞ்சிய எனர்ஜி, சராசரி விசை, மடிப்புகளின் எண்ணிக்கை, இந்த மூன்று போதும். விசை வரைபடம் காட்டியே ஆக வேண்டுமென்றால் எல்லா ரன்னுக்கும் ஒரே சி.எஃப்.சி. 60 ஃபில்டர் (மோதல் அளவீடுகளுக்கான தர ஃபில்டர்).

## வழி 1: ஒரே அளவு, அந்த அளவுக்கே கார்டு

கார் பாடி முழுக்க 5 மி.மீ. ஃபெயிலியர் ஸ்ட்ரெயினை 5 மி.மீ. மெஷ்ஷில் போட்ட இழுவைத் துண்டு சோதனையோடு பொருத்தி எடுப்பது. கேட்பதற்குப் பழைய பஞ்சாங்கம் போல இருக்கும். ஆனால் மடிப்பு பிரதானமாகவும் கிழிசல் அபூர்வமாகவும் இருக்கும் முன்பக்க மோதலுக்கு இதைவிட நம்பகமான வழி குறைவு.

இதன் மறைமுகச் செலவு ஒழுக்கம்தான். கார்டு 5 மி.மீ.க்கு மட்டும் பொருத்தப்பட்டதல்ல. எந்த எலிமென்ட் வகை, தடிமனில் எத்தனை இன்டக்ரேஷன் புள்ளி (ஸ்ட்ரெஸ் கணக்கிடப்படும் இடம்), எத்தனை புள்ளி உடைந்தால் எலிமென்டை நீக்குவது, இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். டைப் 2 பெலிட்ச்கோ-ட்சே எலிமென்டில் பொருத்திய எண்ணை முழு இன்டக்ரேஷன் டைப் 16-க்கு மாற்றினால் மெஷ் மாறியதற்குச் சமம். தடிமனில் மூன்று காஸ் புள்ளி வைத்தால் வெளிப்புள்ளி பாதித் தடிமனின் 77% தூரத்தில் நிற்கும், ஐந்து வைத்தால் 91%. வளைவில் தோலின் ஸ்ட்ரெயினை மூன்று புள்ளி மாடல் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் பார்க்கிறது. புள்ளி எண்ணிக்கையை மாற்றிவிட்டு ஃபெயிலியர் எண்ணை அப்படியே விட்டால் விடை மாறும், காரணம் தெரியாமல் அரை நாள் போகும்.

துண்டின் அகலமும் முக்கியம். 12.5 மி.மீ. அகலத் துண்டில் 5 மி.மீ. எலிமென்ட் இரண்டரைதான் விழும். 20 மி.மீ. அகலமும் 80 மி.மீ. கேஜும் உள்ள துண்டை எடுத்தால் குறுக்கே நான்கு கிடைக்கும்.

எங்கே சறுக்கும் என்றால் ஓட்டை ஓரம், ஃபில்லட், பிரெஸ் ஹார்டன்டு (சூட்டில் அழுத்திக் கடினமாக்கிய) எஃகில் ஸ்பாட் வெல்டைச் சுற்றிய பகுதி ஆகியவற்றில். மெஷ்ஷரின் கையில் 5 மி.மீ. 3-ஆகவும் 7-ஆகவும் மாறும் இடங்கள் இவை. குவாலிட்டி ஷீட் முழுக்கப் பச்சையாக இருக்கும், ஆனாலும் கார்டுக்கும் மெஷ்ஷுக்கும் உறவு அறுந்திருக்கும்.

## வழி 2: இடம் பார்த்து நுணுக்குவது

பாடி முழுக்க 5 மி.மீ., சந்தேகமான இடத்தில் மட்டும் 2 மி.மீ. பி-பில்லரின் (முன், பின் கதவுகளுக்கு நடுவிலுள்ள தூண்) அடி, சீட் ஆங்கர், டிரிக்கர் பள்ளம், ரிவெட் ஓட்டை.

22எம்.என்.பி5 என்ற பிரெஸ் ஹார்டன்டு எஃகில் இதன் தேவை பளிச்சென்று தெரியும். சூட்டில் அழுத்தி உருவாக்கிய தகடு 1500 மெகாபாஸ்கல் வலிமை கொண்டது. ஸ்பாட் வெல்டின் வெப்பம் நகெட் என்ற உருகி ஒட்டிய பொட்டைச் சுற்றியுள்ள வளையத்தை மென்மையாக்கிவிடுகிறது. வளையத்தின் அகலம் சில மி.மீ.தான். தகடு இழுபட்டால் அந்த மென்மையான வளையத்தில்தான் ஸ்ட்ரெயின் குவிந்து கிழிசல் தொடங்கும். 5 மி.மீ. எலிமென்ட் ஒன்று வளையத்தையும் சுற்றியுள்ள கடினத் தகட்டையும் சேர்த்து விழுங்கிவிடும். இதற்கு நேர் எதிர், எம்.ஐ.ஜி. வெல்டு செய்த அலுமினியம். ஐரோப்பிய அலுமினிய விதியான யூரோகோடு 9, 6 மி.மீ. வரை தடிமனுக்கு வெல்டிலிருந்து 20 மி.மீ. வரை வெப்பம் பாதித்த பகுதி என்று கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 5 மி.மீ. மெஷ்ஷில் நான்கு வரிசைக்கு வேறு மெட்டீரியல் ஐ.டி. கொடுத்தால் வேலை முடிந்தது, நுணுக்க வேண்டியதில்லை.

மறைமுகச் செலவு மாஸ் ஸ்கேலிங்கில் ஒளிந்திருக்கிறது. 2 மி.மீ. எலிமென்டின் சொந்த டைம் ஸ்டெப் 0.33 மைக்ரோவினாடி. அதை 0.5-க்கு இழுக்க அதன் நிறை 2.3 மடங்காக வேண்டும். நுணுக்கிய பகுதி 2 கிலோ என்றால் இரண்டரை கிலோ கூடுதல். ஒன்றரை டன் காருக்கு அது ஒன்றுமில்லை என்று சதவீதக் கணக்கு சொல்லும். ஆனால் அந்த இரண்டரை கிலோவும் உங்களுக்கு விடை வேண்டிய அதே இடத்தில்தான் ஏறியிருக்கிறது. 1 மி.மீ.க்குப் போனால் ஒன்பது மடங்கு. மொத்த நிறை எவ்வளவு கூடியது என்று பார்த்து நிறுத்தாமல், பாகவாரியாக எங்கே கூடியது என்று பாருங்கள்.

கான்டாக்டும் தொல்லை தரும். சிங்கிள் சர்ஃபேஸ் கான்டாக்டில் எட்ஜ் நீளம் தடிமனுக்கு நெருங்கி வந்தால் சாஃப்ட்வேர் கான்டாக்ட் தடிமனைத் தானாகக் குறைத்துக்கொள்ளலாம். மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று கொஞ்சம் கூடுதலாக அமுங்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பொறி, நுணுக்கிய பகுதிக்கும் அதே ஃபெயிலியர் எண்ணை விட்டுவிடுவது. "நுணுக்கிப் பார்த்தோம், கிழிகிறது" என்ற அறிக்கை அப்படித்தான் பிறக்கிறது. 2 மி.மீ.க்குத் தனி கார்டு வேண்டும், அல்லது அடுத்த வழி வேண்டும். கிழிசலுக்காக நுணுக்குவதை அடுத்த வழி இல்லாமல் செய்யவே கூடாது என்பது எங்கள் நிலை. வடிவத்துக்காகவோ வெல்டு வளையத்துக்காகவோ நுணுக்கினால் தாராளமாகச் செய்யலாம்.

## வழி 3: அளவுக்கு ஏற்ற ஃபெயிலியர் வளைவு

கிஸ்மோ என்ற டேமேஜ், ஃபெயிலியர் மாடலின் கார்டில் எல்சிரெக்டி என்ற வளைவு இருக்கிறது. கிடை அச்சில் எலிமென்ட் அளவு, நெடு அச்சில் ஃபெயிலியர் ஸ்ட்ரெயினைப் பெருக்கும் காரணி. சிறிய எலிமென்டுக்கு 1.0, பெரிதாகப் பெரிதாகக் காரணி இறங்கும். மாடலில் 2, 3, 5, 8 மி.மீ. எலிமென்டுகள் கலந்து கிடந்தாலும் ஒவ்வொன்றும் தன் அளவுக்கு ஏற்ற எண்ணில் உடையும்.

வளைவை எடுப்பது இப்படி:

1. இழுவைத் துண்டை 0.5 அல்லது 1 மி.மீ. மெஷ்ஷில் மாடல் செய்து, டி.ஐ.சி. அளவோடு விசை-நீட்சி வளைவு உடையும் இடம் வரை பொருந்தும்படி ஃபெயிலியர், டேமேஜ் எண்களைச் சரிசெய்யுங்கள். இதுவே குறிப்பு அளவு. இங்கே ஷெல் துல்லியமாக இருப்பதாக யாரும் நம்பவில்லை, ஓர் ஆதாரப் புள்ளி வேண்டும், அவ்வளவுதான்.
2. அதே துண்டை 2, 3, 5, 8 மி.மீ. மெஷ்ஷில் திரும்ப ஓட்டுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம்.
3. ஒவ்வொன்றிலும் துண்டு சோதனையில் உடைந்த அதே நீட்சியில் உடையும்வரை காரணியை மட்டும் மாற்றுங்கள். கிடைத்த ஜோடிகள்தான் வளைவு.
4. உடையும் நீட்சி பொருந்தியும் விசை விழும் சரிவு பொருந்தாவிட்டால் ஃபேடெக்ஸ்ப் என்ற மங்கல் அடுக்கையும் அளவுக்கு ஏற்ற வளைவாகக் கொடுக்கலாம். அங்கே எதிர்ம எண்ணைப் போட்டால் அது வளைவின் ஐ.டி. என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொள்ளும்.
5. உங்கள் மாடலில் உள்ள மிகச் சிறிய எலிமென்டும் மிகப் பெரிய எலிமென்டும் வளைவின் எல்லைக்குள் விழ வேண்டும்.

இதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். தப்பு நடப்பது இதற்குப் பிறகு.

அளவைச் சார்ந்த இந்தத் திருத்தம் நெக்கிங் இருக்கும் இடத்துக்குத்தான். தகடு வளையும்போது உள்பக்கம் அமுங்கி வெளிப்பக்கம் இழுபடுகிறது. உள்பக்கம் வெளிப்பக்கத்தைத் தாங்கிப் பிடிப்பதால் நெக் விழுவதில்லை. ஆகவே அந்த வகையில் மெஷ் உணர்திறனும் இல்லை. ஆனால் எல்சிரெக்டிக்கு வளைவா இழுவையா என்று தெரியாது. ட்ரையாக்ஸியாலிட்டி (இழுவையா, அமுக்கமா, ஷியரா என்று காட்டும் ஸ்ட்ரெஸ் நிலை எண்) இரண்டிலும் ஒரே அளவாக இருந்தால் 5 மி.மீ. எலிமென்டுக்கு அதே குறைப்பைக் கொடுத்துவிடும். விளைவு, சோதனையில் சுகமாக வளைந்த மடிப்பு மாடலில் வெடிக்கும். பிரெஸ் ஹார்டன்டு பாகங்களில் இது அடிக்கடி தலைகாட்டும். வி.டி.ஏ. 238-100 வளைவுச் சோதனையை உங்கள் உற்பத்தி மெஷ் அளவில் மாடல் செய்து பார்ப்பதே சரியான செக். மாடல் முன்னாலேயே உடைந்தால், எத்தனை சதவீதப் புள்ளிகள் உடைந்தால் எலிமென்டை நீக்க வேண்டும் என்ற நம்ஃபிப் எண்ணைப் பாருங்கள். முதல் புள்ளி உடைந்ததும் நீக்கு என்று இருந்தால் வெளித்தோலின் ஒரு புள்ளி முழு எலிமென்டையும் கொன்றுவிடும்.

ஷியருக்கும் இருதிசை இழுவைக்கும் குறைப்பைத் தளர்த்த எஸ்எச்ஆர்எஃப், பயாக்ஸ்எஃப் என்று இரண்டு எண்கள் உண்டு. இரண்டையும் பூஜ்யத்தில் விட்டுவிட்டு ஓட்டும் கார்டுகள் ஏராளம். ஷியர் கூப்பானையும் நாகஜிமா பஞ்ச் சோதனையையும் இரண்டு மெஷ் அளவில் ஓட்டாமல் இந்த எண்களை நிரப்ப வழியில்லை.

இன்னொரு சிறு விஷயம். எலிமென்டின் அளவாக எடுக்கப்படுவது பரப்பின் வர்க்கமூலம். 8-க்கு 2 மி.மீ. நீளச் செவ்வகமும் 4-க்கு 4 சதுரமும் கார்டின் கண்ணுக்கு ஒன்றே. நெக் எந்தத் திசையில் விழுகிறது என்பதைப் பொறுத்து அந்தச் செவ்வகம் 8 மி.மீ. போலவோ 2 மி.மீ. போலவோ நடந்துகொள்ளும். கிழிசல் எதிர்பார்க்கும் இடத்தில் சதுரமாக மெஷ் செய்வதற்கு அழகு காரணமல்ல.

செலவைப் பேசினால், சாதா இழுவை, இரண்டு ஆரத்தில் நாட்ச் (ஓரத்தில் வெட்டு வைத்த) இழுவை, ஷியர், இருதிசை என ஐந்து வகை, வகைக்கு மூன்று துண்டு, ஆக 15 சோதனை. அதோடு தகட்டை வளைக்கும் சோதனை மூன்று. உருட்டல் திசை மாறினால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒரு கிரேடுக்கு, ஒரு தடிமனுக்கு இவ்வளவு. 1.2 மி.மீ.யில் எடுத்த வளைவை 2 மி.மீ. தகட்டுக்குப் போடுவதும் தப்பு. நெக்கின் அகலம் தடிமனோடு வளர்கிறது.

தடிமனையும் அளவையும் சேர்த்து ஒரே சூத்திரத்தில் அடக்கும் பழக்கம் கப்பல் மோதல் கணக்கில் உண்டு. ஜெர்மானிஷர் லாய்டு சூத்திரத்தில் ஷெல்லுக்கு உடையும் ஸ்ட்ரெயின் = 0.056 + 0.54 × (தடிமன் ÷ எலிமென்ட் நீளம்). 15 மி.மீ. தகட்டை 75 மி.மீ. எலிமென்டில் போட்டால் 0.164, 150 மி.மீ.யில் 0.11. சாதாரணக் கப்பல் எஃகுக்கும் நீளம் தடிமனைப் போல ஐந்து மடங்காவது உள்ள ஷெல்லுக்கும் உரியது அது. கார்த் தகட்டுக்குத் தூக்கிவந்து போடக் கூடாது. சோதனையே செய்ய வாய்ப்பில்லாத பெரிய கட்டமைப்புக்கு அது நியாயமான தொடக்கம்.

## வழி 4: நான்லோக்கல்

ஓர் எலிமென்டின் டேமேஜை அதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், குறிப்பிட்ட ஆரத்துக்குள் இருக்கும் அக்கம்பக்கத்தாரின் சராசரியை எடுப்பது. பிஜோதியே-கபோவும் பஜாந்தும் 1987-ல் வைத்த யோசனை. மெட்டீரியலுக்கு ஒரு நீளம் கிடைத்துவிடுவதால் கிழிசலும் கன்வெர்ஜ் ஆகும், அதாவது மெஷ்ஷை நுணுக்கினால் விடை ஓர் இடத்தில் நிற்கும். கொள்கையளவில் நான்கில் இதுதான் சுத்தமான வழி.

ஆனால் ஆரத்துக்குள் சில எலிமென்டாவது விழுந்தால்தான் சராசரிக்கு அர்த்தம் உண்டு. நெக் தடிமன் அளவு என்றால் ஆரமும் அந்த அளவு, எலிமென்ட் அதில் மூன்றில் ஒரு பங்கு. 5 மி.மீ. பாடியில் இதற்கு வேலையே இல்லை. விளிம்பிலும் சமச்சீர்த் தளத்திலும் அக்கம்பக்கம் பாதிதான் இருப்பதால் சராசரி பிசகும், கிழிசலோ பெரும்பாலும் விளிம்பில்தான் தொடங்கும். ஆதரிக்கும் மெட்டீரியல் மாடல்களும் குறைவு. சாலிட் மெஷ் போட்ட வார்ப்பு, முடிச்சு, ஆங்கர் போன்ற சிறு பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 1.5 மி.மீ. தகட்டைத் தடிமனில் நான்கு சாலிடாகப் போட்டால் டைம் ஸ்டெப் 0.056 மைக்ரோவினாடி, 120 மில்லிவினாடிக்கு 21 லட்சம் ஸ்டெப். முழுக் காரில் இதைச் செய்யும் எண்ணத்தை இந்த ஒரு எண் போக்கிவிடும்.

## பக்கத்தில் பக்கமாக

| | ஒரே அளவு | இட நுணுக்கம் | அளவுசார் வளைவு | நான்லோக்கல் |
|---|---|---|---|---|
| மடிப்பு | 5 மி.மீ.யில் நன்று | மிக நன்று | மெஷ்ஷைப் பொறுத்தது | மெஷ்ஷைப் பொறுத்தது |
| இழுவைக் கிழிசல் | அதே அளவில் மட்டும் | தனி கார்டு இல்லாமல் ஆபத்து | நன்று | மிக நன்று |
| வளைவு வெடிப்பு | சுமார் | சுமார் | திருத்தாவிட்டால் மோசம் | சுமார் |
| ஓடும் நேரம் | குறைவு | நடுத்தரம் | குறைவு | மிக அதிகம் |
| சோதனை | 3 துண்டு | அளவுக்கு 3 துண்டு | 18 துண்டாவது | 18 துண்டும் ஆரம் தேடும் வேலையும் |
| கைமாறினால் | உடையும் | உடையும் | எல்லைக்குள் தாங்கும் | தாங்கும் |

## எப்போது எது

முன்பக்க ரெயில், கிராஷ் பாக்ஸ், டி.பி.600 (600 மெகாபாஸ்கல் வலிமை வகை) அளவிலான எஃகு, கிழிசல் வராத டிசைன்: முதல் வழி. 80 மி.மீ. குழாய்க்கு 5 மி.மீ. போதும். ஆனால் 40 மி.மீ. பக்கம், 1 மி.மீ. தடிமன் உள்ள சின்னக் கிராஷ் பாக்ஸுக்குப் பாதி மடிப்பு 11.5 மி.மீ.தான், அங்கே 3 மி.மீ.க்கு இறங்கியே ஆக வேண்டும். "எங்கள் தரம் 5 மி.மீ." என்ற வாதம் அங்கே செல்லாது.

பக்கவாட்டு மோதல், பிரெஸ் ஹார்டன்டு பி-பில்லர்: மூன்றாவது வழியோடு வெல்டு வளையத்தில் இரண்டாவது. வளைவுச் செக் இல்லாமல் இந்தக் கலவையை வெளியே விடக் கூடாது.

ஒரே பாகம் பல டீம்களில் பல மெஷ்ஷில் ஓடப்போகிறது என்றால் மூன்றாவது வழிதான், செலவு என்ன ஆனாலும். உலோகம் ஒன்று, கார்டு நான்கு என்று வைத்துக்கொண்டு மூன்று வருடம் கழித்து எது எதற்கு என்று தேடுவது 18 கூப்பானைவிட விலை கூடியது.

பழக வேண்டுமானால், ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலையின் மோதல் ஆய்வு மையம் ஒரு உண்மைக் காரைப் பிரித்து அளந்து உருவாக்கிய டொயோட்டா யாரிஸ் மாடல் பொதுவெளியில் இருக்கிறது. அதன் முன் ரெயிலை மட்டும் வெட்டியெடுத்து மூன்று மெஷ்ஷில் ஓட்டிப் பார்க்கலாம்.

கார்டு வெளியிலிருந்து வருகிறது, எந்த மெஷ்ஷுக்குப் பொருத்தியது என்று அனுப்பியவருக்கும் தெரியவில்லை என்றால், 20 மி.மீ. அகல இழுவைத் துண்டு ஒன்றை உங்கள் சொந்த மெஷ் அளவில், உங்கள் எலிமென்ட் வகையில், உங்கள் புள்ளி எண்ணிக்கையில் போட்டு இழுத்துப் பாருங்கள். நூறு எலிமென்டுகூட இராது, லேப்டாப்பிலேயே சில நிமிடத்தில் முடியும். எஃகு ஆலைச் சான்றிதழில் 80 மி.மீ. கேஜுக்கு 20% நீட்சி என்று இருக்க, மாடல் 35%-இல் உடைந்தால், கார்டு உங்கள் மெஷ்ஷைவிட நுணுக்கமான மெஷ்ஷுக்குப் பொருத்தப்பட்டது. 17%-இல் உடைந்தால் பெரிய மெஷ்ஷுக்கு.